நூறு கெஜத்துக்குள் ஒரு மான்: எந்தத் தோட்டா சரி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசியது பேசியபடியே.)

 

இந்த வாரம் எபிசோடு ஒரு லிஸனர் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. அவர் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் கிட்டத்தட்ட இப்படி: "ப்ரோ, நவம்பர் வந்தாலே எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் மான் வேட்டை பத்தித்தான் பேசறாங்க. ஒருத்தர் முப்பது-முப்பதுதான் பெஸ்ட்டுங்கறார். இன்னொருத்தர் முந்நூத்தியெட்டுங்கறார். லஞ்ச் டேபிள்ல சண்டையே நடக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. இவங்க என்னதான் பேசறாங்க?"

எனக்கு இந்தச் சண்டை நல்லாத் தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆன்சைட்டுக்காக ஆறு மாசம் பென்சில்வேனியாவில் இருந்தேன். அங்கே எங்க டீமில் ஒரு அண்ணா. தேனிப் பக்கத்துக்காரர், அங்கேயே பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறார், குடியுரிமையும் வாங்கிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்து வேட்டைக்குப் போக ஆரம்பித்தவர். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதி அவரிடம் கேட்டது, மீதி அதற்கப்புறம் நானே உட்கார்ந்து படித்தது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். நம்ம ஊரில் இது கிடையாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம். அதில் எந்த மழுப்பலும் வேண்டாம். அமெரிக்காவில் நிலைமை வேறு. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது அங்கே வெள்ளைவால் மான் அழிவின் விளிம்பில் இருந்தது. சட்டம் போட்டு, சீசன் வைத்து, லைசன்ஸ் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்றைக்கு அது கோடிக்கணக்கில் இருக்கிறது. கிழக்கு மாநிலங்களில் ஓநாயும் மலைச் சிங்கமும் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டதால், அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் வேலையில் பெரிய பங்கு வேட்டைக்காரர்களுடையது. அதனால் அங்கே இது அரசு நடத்துகிற, கணக்கு வைத்துச் செய்கிற ஒரு விஷயம். பிடிக்குதா பிடிக்கலையா என்பது உங்க இஷ்டம். இன்றைக்கு நம்ம கேள்வி அது இல்லை. சுடுவது என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், எதை வைத்துச் சுடுவது சரி?

தொலைந்துபோன ஒரு மான்

நான் அண்ணாவிடம் முதலில் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. "எது அண்ணா ரொம்ப பவர்ஃபுல்?"

அவர் சிரிக்கலை. "நானும் அப்படித்தான் தம்பி ஆரம்பிச்சேன்"னு சொல்லிட்டு ஒரு கதை சொன்னார்.

முதல் வருஷம் நண்பர் ஒருவரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். .300 வின்செஸ்டர் மேக்னம். பெரிய தோட்டா, ரொம்ப தூரத்தில் நிற்கும் எல்க் மாதிரி பெரிய விலங்குகளுக்குப் பேர் போனது. 'பெருசா இருந்தா நல்லதுதானே, மான் கஷ்டப்படாம போயிடும்'னு நினைத்திருக்கிறார். பயிற்சியில் நாலு ரவுண்டு சுட்டதும் தோள்பட்டை வலி. அதோடு நிறுத்திவிட்டார். சீசன் அன்றைக்கு ஐம்பது கெஜத்தில் மான் வந்து நின்றது. டிரிகரை இழுக்கும் அந்த நொடியில், வரப்போகும் உதையை நினைத்து உடம்பு தானாகவே இறுகிவிட்டது. குழல் முனை நகர்ந்துவிட்டது. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது.

மான் ஓடிவிட்டது. இருட்டும் வரை டார்ச் வைத்துத் தேடியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலும் தேடியிருக்கிறார்கள். கிடைக்கலை.

"அது எங்கயோ ஒரு இடத்துல பல மணி நேரம் துடிச்சு செத்திருக்கும். கறியும் யாருக்கும் இல்ல. அன்னைக்கு என் கையில இருந்தது கடையிலயே பெரிய தோட்டா தம்பி." இவ்வளவுதான் சொன்னார்.

இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு மானைச் சுற்றித்தான் ஓடப்போகுது. தோட்டா தேர்வு என்பது பவர் போட்டி இல்லை. அந்த மாதிரி ஒரு மானைத் தொலைக்காமல் இருப்பது எப்படி என்கிற கேள்வி.

தோட்டா வேறு, குண்டு வேறு

நம்ம பேச்சில் தோட்டா, குண்டு, புல்லட் எல்லாத்தையும் ஒரே அர்த்தத்தில் சொல்லிடுவோம். இங்கே பிரித்துக்கொள்வோம். தோட்டா என்றால் முழு பேக்கேஜ். அதில் நாலு பாகம்: பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் பொறி கொடுக்கும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகியிருக்கும் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். உறை நம்ம பக்கமே விழுந்துவிடும்.

குண்டின் எடையை கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள். 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. அதாவது 150 கிரெய்ன் குண்டு என்றால் பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு ஐந்து ரூபாய் நாணயம்கூட இதைவிடக் கனம்.

பெயர்களில் ஒரு ஒழுங்கை எதிர்பார்க்காதீங்க. .30-30 வின்செஸ்டரில் முதல் 30, குண்டின் குறுக்களவு சுமார் 0.30 அங்குலம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது 30, ஆரம்பத்தில் அதில் போட்ட மருந்தின் எடை, 30 கிரெய்ன். ஆனால் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டில் 06 என்பது வருஷம், 1906. நம்ம பழைய கோடில் ஆளுக்கு ஒரு மாதிரி வேரியபிள் பெயர் வைத்திருப்போமே, அதே கதைதான்.

முதலில் தேவை என்ன?

எந்த டூல் வேணும்னு முடிவு பண்ணுறதுக்கு முன்னாடி என்ன வேலைன்னு எழுதணும் இல்லையா? இங்கேயும் அப்படித்தான்.

பென்சில்வேனியா மாதிரி கிழக்குப் பக்கக் காடுகளில் மரங்கள் நெருக்கமாக நிற்கும். மான் கண்ணில் படுவதே பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள்தான். ஒரு கெஜம் மூன்றடி. ஆக, நம்ம தூரம் தொண்ணூறு மீட்டர் சொச்சம், பல நேரம் அதில் பாதிதான்.

மான் எப்படிச் சாகிறது? சினிமாவில் வருவதுபோல் குண்டு பட்டதும் தூக்கி எறியப்படுவதெல்லாம் கிடையாது. நுரையீரலோ இதயமோ கிழிந்து, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் சில நொடிகளில் நினைவிழந்து விழும். இதயத்தில் சரியாகப் பட்ட மான்கூட அந்தச் சில நொடியில் ஐம்பது, நூறு கெஜம் ஓடிவிடலாம். வயிற்றில் பட்டால் அந்த 'சில நொடி' பல மணி நேரம் ஆகிவிடும்.

நுரையீரலும் இதயமும் சேர்ந்த பகுதி முன்னங்காலுக்குச் சற்றே பின்னால் இருக்கிறது. அதன் அளவு சுமார் எட்டு அங்குல வட்டம். பிறந்தநாள் பார்ட்டியில் கேக் வைத்துக் கொடுக்கும் பேப்பர் தட்டு மாதிரி.

ஆக, தேவை மூன்றே வரிதான். ஒன்று, அந்தப் பேப்பர் தட்டுக்குள் ஒவ்வொரு முறையும் குண்டைப் போட முடியணும். இரண்டு, குண்டு உள்ளே போய் விரியணும். மூன்று, முடிந்தால் மறுபக்கம் வெளியேறணும். மூன்றாவது எதுக்குன்னா, இரண்டு ஓட்டை இருந்தால் தரையில் ரத்தத் தடம் நன்றாக விழும். அடர்ந்த காட்டில் ஓடின மானைக் கண்டுபிடிக்க அந்தத் தடம்தான் வழிகாட்டி.

எண்களை வைத்துப் பார்ப்போம்

இப்ப லஞ்ச் டேபிள் சண்டைக்கு வருவோம்.

.30-30 வின்செஸ்டர் 1895-ல் வந்தது. புகையில்லா வெடிமருந்துக்காக அமெரிக்காவில் வடிவமைக்கப்பட்ட முதல் சிறுவிட்ட வேட்டைத் தோட்டா. கௌபாய் படங்களில் கீழே ஒரு நெம்புகோலைத் தள்ளி இழுத்துச் சுடுவாங்களே, அந்த லீவர் ஆக்ஷன் துப்பாக்கியின் தோட்டா. 150 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 2390 அடி வேகத்தில் கிளம்பும்.

.308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. அதே 150 கிரெய்ன் குண்டு, ஆனால் சுமார் 2820 அடி வேகம். ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது என்று பிளஸ் ஒன்னில் படித்தோமே, அதில் போட்டால் .30-30-க்கு சுமார் 2580 ஜூல், .308-க்கு சுமார் 3590 ஜூல். நாற்பது சதவீதம் அதிகம். இதைப் பார்த்தால் .308 ஜெயித்த மாதிரி தெரியும்.

ஆனால் நம்ம தூரம் நூறு கெஜம். அந்தத் தூரத்தைக் கடக்க .30-30 குண்டுக்கு சுமார் 0.14 நொடி, .308-க்கு 0.11 நொடி. கண் இமைக்கிற நேரத்தைவிடச் சின்ன வித்தியாசம். புவியீர்ப்பில் விழுவதையும் பாருங்க. இரண்டையும் நூறு கெஜத்துக்குச் சரிசெய்து வைத்தால், ஐம்பது கெஜத்தில் எதுவும் ஒரு அங்குலம்கூட மாறாது. இருநூறு கெஜத்தில்தான் கதை மாறும்: .308 மூன்று நாலு அங்குலம் விழும்போது .30-30 ஏழெட்டு அங்குலம் விழுந்துவிடும். அதாவது .308-க்கு நாம் கொடுக்கும் விலையெல்லாம் நம்ம காட்டில் கண்ணுக்கே தெரியாத தூரத்துக்காக. புல்வெளி, மலைச்சரிவு, சோயா வயல் ஓரம் என்று நீங்க உட்காரும் இடம் மாறினால் அந்த விலை நியாயம்தான். மரங்களுக்கு நடுவே என்றால் அது பயன்படாத ஃபீச்சர்.

மானுக்குக் குறைந்தது ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கும். அது ஒரு குத்துமதிப்பு, அறிவியல் எல்லைக்கோடு இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டாலும் நூறு கெஜத்தில் .30-30 சுமார் 1300, .243 வின்செஸ்டர் 100 கிரெய்ன் குண்டோடு சுமார் 1600, .308 சுமார் 2100. மூணுமே பாஸ். பாஸ் மார்க் தாண்டின பிறகு ஆற்றலை வைத்து ரேங்க் போடுவதில் அர்த்தம் இல்லை.

கீழ்ப்பக்க எல்லை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிடுறேன். .223 மாதிரி சின்னத் தோட்டாவில் மானைச் சுட முடியும் என்று சிலர் சொல்வார்கள். தவறுக்கு இடம் ரொம்பக் குறைவு. சில மாநிலங்கள் அதை அனுமதிப்பதும் இல்லை. வர்ஜீனியாவில் மானுக்குக் குறைந்தது .23 அளவு வேண்டும், கொலராடோவில் .24. ஆரம்பிக்கிறவர்களுக்கு .243-லிருந்து தொடங்குவது நல்லது.

உதை என்கிற பக்

அண்ணாவின் மானைத் தொலைத்தது இதுதான். குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வரும், நியூட்டன் மூன்றாம் விதி. வழக்கமான எடையுள்ள துப்பாக்கியில் இந்த உதையின் ஆற்றலைப் பாருங்க: .243-க்கு சுமார் 9 அடி-பவுண்டு, .30-30-க்கு 11 சொச்சம், .308-க்கு 16, .30-06-க்கு 18, .300 மேக்னத்துக்கு சுமார் 26. அண்ணா முதல் வருஷம் தோளில் வாங்கினது, இப்போது வாங்குவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வலி மட்டும் பிரச்சினை இல்லை. வலியை எதிர்பார்க்கும் உடம்பு டிரிகர் இழுக்கும்போதே கண்ணை மூடும், தோளை முன்னால் தள்ளும். சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, வெடிச்சத்தத்தில் மறைந்துவிடும். இதைப் பிடிக்க ஒரு அருமையான டெஸ்ட் இருக்கிறது. பயிற்சி மைதானத்தில் நண்பர் ஒருவர், நீங்க பார்க்காதபோது உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மித் தோட்டாவைக் கலந்து போட்டுவிடுவார். டம்மி வரும்போது 'டிக்' சத்தம் மட்டும்தான். ஆனால் குழல் முனை விருட்டென்று கீழே குனியும். அப்பதான் தெரியும், இத்தனை நாள் குண்டு ஏன் குறிக்குக் கீழே போனது என்று. அண்ணாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைத்தான் செய்து காட்டினாராம். "எனக்கு வெக்கமாப் போச்சு தம்பி"ன்னார்.

அதற்குப் பிறகு அவர் வாங்கினது பழைய .30-30 லீவர் துப்பாக்கி. அவரோட விதி சிம்பிள். எட்டு அங்குலப் பேப்பர் தட்டை மாட்டி, காட்டில் எப்படி நிற்பாரோ உட்காருவாரோ அதே நிலையில் ஐந்து குண்டு. ஐந்தும் தட்டுக்குள் விழும் கடைசித் தூரம் எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்கான எல்லை. நான் அங்கே இருந்த வருஷம் அது எழுபது கெஜம். எண்பதில் மான் நின்றால் பார்த்து ரசிப்பாராம்.

கவனிச்சீங்களா? அந்த எல்லை துப்பாக்கியால் வரலை. நூறு கெஜத்தில் மூன்று அங்குல வட்டத்துக்குள் குண்டு போடும் சாதாரணத் துப்பாக்கியே எட்டு அங்குலத் தட்டுக்குத் தாராளம். எல்லை போடுவது சுடுகிற ஆள்.

குண்டின் உள்ளே என்ன இருக்கிறது

சண்டை எல்லாம் தோட்டாவின் பெயரைப் பற்றி நடக்கும். ஆனால் மானுக்குள் வேலை செய்வது குண்டின் கட்டுமானம். கிட்டத் தூரத்தில் இது இன்னும் முக்கியம். ஏன்னா குண்டின் வேகம் உச்சத்தில் இருப்பது அங்கேதான்.

வழக்கமான வேட்டைக் குண்டு ஈயத்தால் ஆனது, மேலே செம்பு உறை, மூக்கில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். படும்போது மூக்கு மடங்கிக் காளான் மாதிரி விரியும். முழுக்க உறை போட்ட ராணுவ வகைக் குண்டு விரியாமல் ஊசி மாதிரி துளைத்துப் போய்விடும், மான் காயத்தோடு ஓடிவிடும். பல மாநிலங்களில் மானுக்கு விரியும் குண்டுதான் சட்டம்.

எதிர்ப்பக்கமும் ஆபத்து இருக்கிறது. தூரத்துக்காகச் செய்த மெல்லிய உறைக் குண்டை வேகமான தோட்டாவில் போட்டு, முப்பது கெஜத்தில் தோள் எலும்பில் அடித்தால், உள்ளே போகும் முன்பே சிதறிவிடலாம். மேலோட்டமான பெரிய காயம், நுரையீரல் வரை போகாது. கறியும் ரத்தக்கட்டாகி வீணாகும்.

இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 1946-ல் ஓரிகானில் லாரி தொழில் நடத்திய ஜான் நோஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், அன்றைக்கு வேகத்துக்குப் பேர் போன தோட்டா. மூஸின் தோள் முழுக்கச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அவர் சுட்ட குண்டுகள் மேலேயே சிதறி, ஆழமாகப் போகவில்லை. வேறு யாராவது இருந்தால் இன்னும் பெரிய துப்பாக்கி வாங்கியிருப்பார்கள். நோஸ்லர் வீட்டுக்கு வந்து குண்டையே மாற்றினார். குண்டின் நடுவே செம்பில் ஒரு தடுப்புச் சுவர். முன்பாதி விரியும், பின்பாதி சிதறாமல் தள்ளிக்கொண்டே போகும். 1948-ல் பார்ட்டிஷன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. பக் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சரிசெய்த ஆள்.

.30-30-யின் பழைய வேகத்துக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அதன் குண்டுகள் அந்த வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை. .308, .30-06 வைத்திருப்பவர்கள் கிட்டத் தூரத்துக்கு ஒட்டுறை போட்ட கெட்டியான குண்டையோ, முழுச் செம்புக் குண்டையோ, கொஞ்சம் கனமான குண்டையோ தேர்ந்தெடுத்தால் போதும். துப்பாக்கி மாற்ற வேண்டியதில்லை.

லீவர் துப்பாக்கிக்கு ஒரு எச்சரிக்கை. அதில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்மையான குண்டு போட்டால் அதன் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் ப்ரைமரில் முட்டும். உதையில் அது வெடித்துவிடலாம். அதனால் தட்டை மூக்குக் குண்டு, அல்லது அதற்கென்றே வரும் மெத்தென்ற பிளாஸ்டிக் முனைக் குண்டு மட்டும்தான்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து பல அங்குலம் தள்ளிக்கூடக் கறியில் தங்கும். வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ சாப்பிடுவார்கள் என்றால் செம்புக் குண்டு நல்ல தேர்வு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

'புதரைக் கிழிச்சிட்டுப் போகும்' என்பது உண்மையா?

.35 ரெமிங்டன், .45-70 மாதிரி மெதுவான கனமான குண்டுகள் புதரையும் சுள்ளியையும் கிழித்துக்கொண்டு நேராகப் போகும் என்று லஞ்ச் டேபிளில் கண்டிப்பா ஒருத்தர் சொல்வார். பலர் குச்சிகளை நட்டுவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எல்லாக் குண்டும் திசை மாறும். ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைய, அவ்வளவுதான். இடையில் கிளை இருந்தால் சுடாமல் இருப்பதுதான் வழி. மற்றபடி அந்த இரண்டுமே கிட்டத் தூரத்துக்கு அருமையான தோட்டாக்கள்.

சட்டப் புத்தகத்தை முதலில் திறங்க

நீங்க எதை விரும்புறீங்க என்பதற்கு முன், உங்க மாநிலம் எதை அனுமதிக்குது என்று பாருங்க. ஓஹாயோவில் மானுக்குக் கழுத்து குறுகாத, நேர்ச்சுவர் உறை உள்ள தோட்டாக்கள்தான் ரைஃபிளில் அனுமதி. வீடுகளும் வயல்களும் கலந்த சமவெளிக்கு, சீக்கிரம் வேகம் இழக்கும் குண்டு பொருத்தம் என்ற கணக்கு. அந்த மாதிரி மாநிலங்களுக்காகவே 2019-ல் .350 லெஜண்ட் வந்தது. உதை குறைவு, கிட்டத் தூரத்துக்கு .30-30-க்குப் பக்கத்தில் நிற்கும். அங்கே இருப்பவர்களுக்கு என் பதிலே அதுதான்.

நம்ம லிஸனர்களில் பலர் எச்-1பி-யில் இருப்பீங்க. இதைக் கவனமாக் கேளுங்க. அமெரிக்க மத்தியச் சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். முறையான வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பர் துப்பாக்கியை 'சும்மா பிடிச்சுப் பாரு'ன்னு நீட்டினால்கூட யோசியுங்க. பென்சில்வேனியாவில் முதல்முறை லைசன்ஸ் எடுக்க வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்கணும். இந்த விஷயத்தில் பாட்காஸ்ட் கேட்டு முடிவு எடுக்காதீங்க, வக்கீலைக் கேளுங்க. நான் அந்த ஆறு மாசமும் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

அந்த நாள்

ஆனால் கூடப் போனேன். பென்சில்வேனியாவில் ரைஃபிள் சீசனில் தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் போடணும். எனக்கும் ஒரு தொப்பியும் ஜாக்கெட்டும் கொடுத்தார். விடியும் முன்பே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம். குளிரில் என் கால்விரல் எல்லாம் மரத்துப்போச்சு.

எட்டு மணி வாக்கில் மேட்டின் உச்சியில் ஒரு மான் வந்து நின்றது. அறுபது கெஜம் இருக்கும். பக்கவாட்டில், அசையாமல். நடுவே கிளை இல்லை. நான் மூச்சையே பிடித்துக்கொண்டேன். அண்ணா துப்பாக்கியைத் தூக்கினார், பார்த்தார், இறக்கிவிட்டார். மான் நடந்து போய்விட்டது.

"ஏன் அண்ணா?"

"அதுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சு சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். வானம். மேட்டின் உச்சியில் நின்றதால் மானுக்குப் பின்னால் மண்ணே இல்லை. தவறினாலும் சரி, மறுபக்கம் வெளியேறினாலும் சரி, குண்டு வெகுதூரம் போகும். அந்தப் பக்கம் ரோடு.

அன்றைக்கு வேற எதுவும் வரலை. வீட்டுக்கு வந்து அண்ணி செய்த ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். அதுக்கடுத்த வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வந்தது: "நாப்பது கெஜம். அறுபது அடி ஓடுச்சு. தடம் தெளிவா இருந்துச்சு." அவ்வளவுதான், போட்டோ எதுவும் இல்லை.

சுருக்கமா

கேள்வி கேட்ட லிஸனருக்கு. உங்க லஞ்ச் டேபிளில் இரண்டு பேர் சொல்வதும் சரி. காட்டுக்குள், நூறு கெஜத்துக்குள் என்றால் .30-30, .243, .350 லெஜண்ட், .35 ரெமிங்டன், .308 எதுவுமே போதும். அதில் உங்க மாநிலம் அனுமதிப்பதை எடுங்க. அதிலும் தோள் வலிக்காமல் நாற்பது ஐம்பது ரவுண்டு பயிற்சி எடுக்க முடிகிறதை எடுங்க. கிட்டத் தூர வேகத்தில் சிதறாத, ஆனால் விரிகிற குண்டாகப் பாருங்க. பேப்பர் தட்டு வைத்து உங்க எல்லையைக் கண்டுபிடிங்க. சுட்ட பிறகு உடனே ஓடாமல் அரை மணி நேரம் காத்திருந்து தடம் பாருங்க. இரண்டு தோட்டாவுக்கு நடுவே குழப்பம் வந்தால், உதை குறைவானதை எடுங்க. மிச்சப்படும் காசில் பயிற்சித் தோட்டா வாங்குங்க.

அடுத்தமுறை ஆபீஸில் யாராவது 'எது பவர்ஃபுல்'னு ஆரம்பித்தால், 'போன மாசம் எத்தனை ரவுண்டு பயிற்சி பண்ணீங்க?'ன்னு கேட்டுப் பாருங்க. டேபிள் கொஞ்சம் அமைதியாகும்.

இந்த எபிசோடு பற்றி உங்க கருத்தை அனுப்புங்க. வேட்டையே கூடாது என்று நினைப்பவர்களும் அனுப்புங்க, அடுத்த முறை அதையும் பேசலாம். அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும், பத்திரமா இருங்க மக்களே!